ஏற்காட்டுக்குப் போனால் ஏர் ரைஃபிள் ஜீரோ ஏன் மாறுகிறது? ஸ்கோப் வாங்குவது, பொருத்துவது, பராமரிப்பது பற்றி

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். பேரலை மடக்கி லோடு செய்யும் .177 (4.5 மி.மீ.) அளவு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறீர்கள். அதில் 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முன்கண்ணாடி உள்ள குறிநோக்கி). சேலம் கருப்பூர் பக்கம் அப்பாவின் தென்னந்தோப்பில் 25 மீட்டரில் ஜீரோ செய்கிறீர்கள், அதாவது குறி பார்க்கும் இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்கிறீர்கள். ஏற்காடு மலையில் நாகலூரில் உள்ள மாமாவின் காபித் தோட்டத்துக்கு எடுத்துப்போனால் அதே தூரத்தில் பெல்லட் (சிறு ஈயக்குண்டு) வலது பக்கம் 3 சென்டிமீட்டரும் கீழே 4 சென்டிமீட்டரும் தள்ளிப் படுகிறது. திரும்பக் கீழே வந்தாலும் பழைய இடத்துக்கு வருவதில்லை. மலையின் உயரம்தான் காரணமா, புதிதாக எந்த ஸ்கோப் வாங்கலாம், மவுண்ட்டை (ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து நிறுத்தும் வளையப் பிடி) லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கலாமா, மலைப் பனியில் ஸ்கோப்பை எப்படிக் காப்பது, மாமாவின் அலமாரியில் கிடக்கும் பழைய ஸ்கோப்பைப் பயன்படுத்தலாமா. இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். புது ஸ்கோப் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி எல்லாம் மவுண்ட்டைத்தான் காட்டுகிறது. ஸ்பிரிங் ரைஃபிளில் ஸ்கோப்பைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். அந்தப் பணத்தில் கால்வாசியை நல்ல மவுண்ட்டுக்குச் செலவழித்திருந்தால் பழைய ஸ்கோப்பே போதுமாக இருந்திருக்கும்.

உயரத்தைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மேலே காற்று மெலிந்திருக்கும், ஆனால் குளிராகவும் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் போலக் குறையும். காற்று மெலிந்தால் பெல்லட்டுக்குத் தடை குறைவு, அதனால் ஒரு துளி மேலே பட வேண்டும். அதே சமயம் ஸ்பிரிங் ரைஃபிளின் சிலிண்டருக்குள் அடைபடும் காற்றும் குறைவு, அதனால் வேகம் கொஞ்சம் குறைந்து கீழே பட வேண்டும். ஒன்றை மற்றொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். 25 மீட்டரில் மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். அதுவும் மேலே கீழேதான். காற்று மெலிந்ததற்காகப் பெல்லட் வலது பக்கம் 3 சென்டிமீட்டர் போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயரம் காரணமாக இருந்தால் கருப்பூருக்குத் திரும்பியதும் ஜீரோ தானாகத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் வழியில் ஏதோ நகர்ந்திருக்கிறது.

வழி என்று பார்த்தால் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. டிக்கியில் ரைஃபிள் உருண்டு, ஸ்கோப்பின் மேல் தன் எடையைப் போட்டுக்கொண்டே போயிருக்கும். மவுண்ட் இறுக்கமாக இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. தளர்ந்திருந்தால் இது ஒன்றே போதும்.

இன்னொரு காரணமும் உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை. கருப்பூரில் சட்டையோடு சுடுகிறீர்கள். நாகலூரில் காலை எட்டு மணிக்கு ஸ்வெட்டரோ ஜெர்கினோ போட்டிருப்பீர்கள். தோளுக்கும் ரைஃபிளின் பின்பகுதிக்கும் நடுவில் அந்தக் கனம் வந்ததும் கன்னம் பதியும் இடம் மாறும், கண் ஸ்கோப்பின் நடுவிலிருந்து விலகும். ஸ்பிரிங் ரைஃபிள் பிடிக்கும் விதத்துக்கு ரொம்பக் கோபப்படும் ஜாதி. பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் ஓடித் துப்பாக்கி குலுங்க ஆரம்பித்துவிடுகிறது. அந்தக் குலுக்கல் எப்போதும் ஒரே மாதிரி இருந்தால்தான் பெல்லட்டும் ஒரே இடத்துக்குப் போகும். இறுக்கிப் பிடிக்காமல், முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் சும்மா கிடத்திச் சுடுங்கள். மேலேயும் கீழேயும் ஒரே உடுப்பில் சுட்டுப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீரும்.

சரி, ஸ்கோப்பைத் தொடுவதற்கு முன் ரைஃபிளைப் பாருங்கள். முன்கட்டையின் இரு பக்கமும் உள்ள ஸ்க்ரூ, டிரிகர் கார்டுக்கு முன்னும் பின்னும் உள்ள ஸ்க்ரூ, இவை ஸ்பிரிங் ரைஃபிளில் தானாகவே தளரும். நான் பார்த்த வரையில் ‘ஸ்கோப் போச்சு’ என்று வரும் புகாரில் பெரும்பகுதி இந்த நாலு ஸ்க்ரூவை இறுக்கியதும் சரியாகிவிடுகிறது. அடுத்து, பேரலை மூடிய நிலையில் அதன் நுனியைப் பிடித்து இடமும் வலமுமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். கொஞ்சமாவது ஆடினால் மடங்கும் இடத்தில் உள்ள போல்ட் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே எந்த ஸ்கோப் வைத்தும் பயன் இல்லை. பிறகு ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, ரைஃபிளோடு வந்த இரும்பு சைட்டிலேயே 10 மீட்டரில் ஐந்தைந்தாகச் சுடுங்கள். குரூப், அதாவது பட்ட துளைகளின் கூட்டம், நெருக்கமாக விழுந்தால் துப்பாக்கி நன்றாக இருக்கிறது, குறை மேலே பொருத்தியதில்தான். சிதறினால் குறை கீழே.

இப்போது மவுண்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

வெடிமருந்தில் சுடும் பெரிய ரைஃபிள் சுடும்போது பின்னால் உதைக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் இரண்டு முறை உதைக்கும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி சட்டென்று முன்னால் குதிக்கும். இந்த இரண்டாவது குதிப்புதான் ஸ்கோப்புக்கு எமன். துப்பாக்கி முன்னால் போக, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு சுடலுக்கும் மவுண்ட் ஒரு மயிரிழை பின்னால் வழுக்கும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின் மவுண்ட்டும் அது கவ்வியிருக்கும் ரைஃபிளின் மேல்பக்கத் தண்டவாளமும் சேரும் இடத்தில், இரண்டின் மேலும் படுகிற மாதிரி வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஐம்பது பெல்லட் சுடுங்கள். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு முறிந்து இரண்டு துண்டாகி, ஒன்றுக்கொன்று விலகி நின்றால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம். அதேபோல ஸ்கோப் குழாயும் வளையமும் சேரும் இடத்திலும் ஒரு கோடு. சில சமயம் மவுண்ட் அசையாது, வளையத்துக்குள் குழாய் வழுக்கும்.

ஏர் ரைஃபிளின் மேல் உள்ள இணைப் பள்ளத்தை டவ்டெயில் என்பார்கள், பொதுவாக 11 மி.மீ. அகலம். அதன் பின்பகுதியில் ஒன்றோ இரண்டோ சிறு குழிகள் இருக்கும். நிறையப் பேர் அது ஏதோ அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். அது ஸ்டாப் பின் இறங்குவதற்கான குழி. நல்ல ஏர்கன் மவுண்ட்டின் அடியில் ஒரு சிறு முள் இருக்கும். அதை ஆலன் கீயால் கீழே இறக்கி அந்தக் குழியில் உட்கார வைத்துவிட்டால் மவுண்ட் பின்னால் நகர வழியே இல்லை. உங்கள் மவுண்ட்டில் அந்த முள் இல்லை என்றால் மவுண்ட்டை மாற்றுங்கள். எவ்வளவு இறுக்கினாலும் உராய்வு மட்டும் நாள்பட நிற்காது. மாற்றும்போது இரண்டு தனித்தனி வளையமாக வாங்காமல், நீளமான ஒரே துண்டாக, ஒவ்வொரு வளையத்துக்கும் நாலு ஸ்க்ரூ உள்ளதாக வாங்குங்கள். வளையங்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும், பிடிமானமும் கூடுதல். பிக்காட்டினி என்று குறுக்கே வெட்டு வெட்டாக இருக்கும் தண்டவாளம் வேறு. அதற்கான மவுண்ட் 11 மி.மீ. டவ்டெயிலில் உட்காராது. கடைக்காரர் ‘எல்லாத்துக்கும் சேரும்’ என்றால் நம்ப வேண்டாம்.

லேத்துப் பட்டறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேலத்தில் நல்ல கை உள்ள கடைசல்காரர்களுக்குப் பஞ்சமில்லை, அது உண்மை. ஆனால் மவுண்ட் என்பது லேத்து வேலை மட்டும் இல்லை, மில்லிங் வேலை. டவ்டெயிலின் சாய்கோணம் ரைஃபிளுக்கு ரைஃபிள் வேறுபடும், அதற்குச் சரியாகத் தாடை வெட்ட வேண்டும். இரண்டு வளையத்தின் துளையும் ஒரே அச்சில், ஒரே முறை பிடித்துக் கடைந்ததாக இருக்க வேண்டும். 0.1 மி.மீ. விலகினால்கூட, இறுக்கும்போது ஸ்கோப் குழாய் வளையும், உள்ளே உள்ள லென்ஸ் நகரும் வழி இறுகும். மில்லிங் மெஷினும் ரீமரும் வைத்து, டயல் கேஜ் பிடித்து வேலை செய்பவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் தயாராக விற்கும் மவுண்ட்டே விலையும் குறைவு. பட்டறையில் செய்ய ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ரைஃபிளில் ஸ்டாப் பின் குழி இல்லையென்றால், மவுண்ட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் தனி ஸ்டாப்பர் கட்டை ஒன்று செய்துகொள்ளலாம். ரைஃபிளின் சிலிண்டரில் மட்டும் யாரையும் துளை போட விடாதீர்கள். உள்ளே பிஸ்டன் ஓடுகிற குழாய் அது.

வளையத்தின் உயரம் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வு நல்லது. 40 மி.மீ. முன்கண்ணாடி உள்ள ஸ்கோப்பின் மணி போல விரிந்த முன்பகுதி ரைஃபிளைத் தொடாமல் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். உயரமாக வைத்தால் கன்னம் கட்டையில் பதியாமல் தலையைத் தூக்கிப் பார்ப்பீர்கள், ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும்.

அடுத்து பேரல் தொய்வு. மடக்கும் பேரல் உள்ள ரைஃபிள்களில் பேரல் லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது சகஜம். இரும்பு சைட்டில் இது தெரியாது, ஸ்கோப் வைத்தால் பெல்லட் ரொம்பக் கீழே படும். நாமும் மேல் டரட்டை (ஸ்கோப்பின் மேலே உள்ள சரிசெய்யும் குமிழ்) திருகித் திருகிக் கடைசி வரை கொண்டுபோய் ஜீரோ செய்துவிடுகிறோம். தவறு அங்கேதான். ஸ்கோப்புக்குள் ஒரு சிறு குழாய் இருக்கிறது, ஒரு பக்கம் டரட் அதைத் தள்ள, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதைத் தாங்குகிறது. டரட்டை மேலே மேலே திருகும்போது அந்த ஸ்பிரிங் விரிந்து பலம் இழக்கிறது. பிறகு ஒவ்வொரு உதைக்கும் உள்குழாய் அலையும். வெளியே எல்லாம் இறுக்கமாக இருக்கும், குரூப் மட்டும் நடமாடிக்கொண்டே இருக்கும். உங்கள் மேல் டரட் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள்.

அதற்கு ஸ்கோப்பை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு அட்டைப்பெட்டியின் எதிரெதிர் பக்கங்களில் ஆங்கில வி வடிவத்தில் ஒரே உயரத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். அதில் ஸ்கோப்பைக் கிடத்தி, தூரத்துச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஸ்கோப்பை மெதுவாக உருட்டுங்கள். குறுக்குக்கோட்டின் நடு ஒரு வட்டம் போடும். அரைச்சுற்று உருட்டியதும் எவ்வளவு விலகியதோ அதில் பாதியை டரட்டால் சரிசெய்து, திரும்ப உருட்டுங்கள். சில முறை செய்தால் வட்டம் சுருங்கிப் புள்ளியில் நின்றுவிடும். இனி ரைஃபிளில் வைத்து 10 மீட்டரில் ஒன்று சுட்டுப் பாருங்கள். ரொம்பக் கீழே பட்டால் பின் வளையத்தின் அடியில் ஒரு தகடு வையுங்கள். குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய அலுமினியத் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம் இருக்கும். வளையங்களுக்கு நடுவில் 100 மி.மீ. இருந்தால், அந்த ஒரு தகடு 25 மீட்டரில் 25 மி.மீ. உயர்த்திவிடும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் தேவைப்பட்டால் குழாய் வளையும், தொய்வை ஈடுகட்டும்படி பின்பக்கம் உயர்த்திச் செய்த மவுண்ட் வாங்கிவிடுங்கள்.

குறுக்குக்கோடு நேராக நிற்பதற்குக் கொத்தனாரிடம் உள்ள சாமானே போதும். ரைஃபிளின் தண்டவாளத்தில் குறுக்காகச் சின்ன ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து அசையாமல் நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளித் தென்னை மரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். காற்றில் ஆடாமல் இருக்கக் குண்டைத் தண்ணீர் உள்ள வாளிக்குள் இறக்கிவிட்டால் நூல் அசையாமல் நிற்கும். ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு அந்த நூலின் மேல் படியும்படி ஸ்கோப்பை வளையத்துக்குள் திருப்புங்கள். கோடு சாய்ந்திருந்தால் ஒரே தூரத்தில் குறை தெரியாது. 25-ல் ஜீரோ செய்துவிட்டு 40 மீட்டருக்காக டரட்டில் கிளிக் (டரட் திரும்பும் ஒவ்வொரு சிறு படி) ஏற்றினால் அப்போது பக்கவாட்டில் ஓடும்.

இறுக்கும்போது வளையத்தின் இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி, ஒரு ஸ்க்ரூவை முழுக்க இறுக்காமல், மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். வளைய மூடியின் ஸ்க்ரூவுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் போதும். இறுக்கும் அளவைக் கட்டுப்படுத்தும் டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால் ஆலன் கீயின் நீள முனையைச் செருகி, குட்டை முனையை இரண்டு விரலால் மட்டும் திருப்புங்கள், அதிகமாக இறுகாது. அடியில் தண்டவாளத்தைக் கவ்வும் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் பலமாக இறுக்கலாம். அந்த அடி ஸ்க்ரூவுக்கு நீல நிற லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், கழற்றச் சூடுகாட்ட வேண்டிவரும். வளையத்துக்கும் குழாய்க்கும் நடுவில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகும் ஸ்கோப் மேல் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை இருக்கிறது. ஐந்து சுடுங்கள். மேலே 20 கிளிக் ஏற்றி ஐந்து, வலது 20 கிளிக் ஐந்து, கீழே 20, இடது 20. எப்போதும் அதே புள்ளியைத்தான் குறி பார்க்க வேண்டும். அட்டையில் ஒரு சதுரம் விழுந்து, கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேலேயே வந்து உட்கார வேண்டும். வராவிட்டால் உள்ளே ஸ்பிரிங்கோ கோட்டுக் கம்பியோ போய்விட்டது, அப்போது புதிது வாங்குங்கள்.

வாங்குவதானால் நான் பார்ப்பது இரண்டுதான். ஒன்று, ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் இருவழி உதையைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பெரிய ரைஃபிளுக்கான விலை உயர்ந்த ஸ்கோப் இதைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம், அது ஒருவழி உதைக்காகக் கட்டப்பட்டது. குறுக்குக்கோடு கம்பியாக இல்லாமல் கண்ணாடியில் செதுக்கியதாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, பேரலாக்ஸ் சரிசெய்யும் வசதி 10 மீட்டர் வரை இறங்க வேண்டும். பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகள் பல 100 கஜத்துக்கு நிலையாகச் செட் செய்யப்பட்டிருக்கும். அதை வைத்து 10 மீட்டரில் பார்த்தால் படம் மங்கலாக இருப்பது மட்டுமல்ல, கண் ஓரத்துக்கு விலகினால் குறி 15 மி.மீ.க்கு மேலேகூட நகரும். கண்ணை லேசாக மேலும் கீழும் அசைத்தபடி பாருங்கள், கோடு இலக்கின் மேல் ஊர்ந்தால் அதுதான் பேரலாக்ஸ். முன்வளையத்தையோ பக்கக் குமிழையோ திருப்பி அது நிற்கும் வரை கொண்டுவர வேண்டும். அந்த வளையத்தில் அச்சிட்டிருக்கும் தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம், கண்ணை நம்புங்கள்.

உருப்பெருக்கம் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. 10 முதல் 40 மீட்டருக்கு 4 மடங்கு நிலையான ஸ்கோப்போ 3-9-ஓ தாராளம். 16, 24 என்று போனால் உங்கள் நாடித்துடிப்புதான் பெரிதாகத் தெரியும். முன்கண்ணாடி அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ., 4-ஆல் வகுத்தால் 10. நாகலூரில் மூடுபனியும் மரநிழலும் உள்ள காலையில் 4-லேயே வைத்துக்கொள்ளுங்கள், தெளிவாகத் தெரியும். அதற்காக 50, 56 மி.மீ. கண்ணாடி வாங்கினால் மவுண்ட்தான் உயரும். ஒளிரும் கோடு வேண்டியதில்லை.

ஜீரோ செய்வதை 10 மீட்டரில் தொடங்கி 25-க்குப் போங்கள். உங்கள் டரட் கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்தான் ஒரு எம்.ஓ.ஏ.) என்றால் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7.3 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ. நீங்கள் சொன்ன 4 சென்டிமீட்டருக்கு மேலே 22 கிளிக், 3 சென்டிமீட்டருக்கு இடது பக்கம் 16 அல்லது 17. ஒரு பெல்லட்டைப் பார்த்துத் திருகாதீர்கள், ஐந்து சுட்டு நடுவைப் பாருங்கள். ஒரே டின் பெல்லட்டையே பயன்படுத்துங்கள். ஸ்கோப் பேரலுக்கு மேலே இருப்பதால், 25-ல் ஜீரோ செய்த ரைஃபிள் 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் போலக் கீழே படும். அது குறை இல்லை, திருகிவிடாதீர்கள். மார்கழி, தையில் மலையில் முதல் சில பெல்லட்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும், இளகிய பிறகு வேகம் நிலைக்கும்.

பராமரிப்புக்கு வருவோம். நல்ல ஸ்கோப்பின் உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடியிருப்பார்கள், அதனால் உள்பக்கம் பனி படியாது. வெளிக்கண்ணாடியில் படியும், அதைத் தடுக்க முடியாது. நாகலூரிலிருந்து குளிர்ந்த ரைஃபிளோடு சேலத்துக்கு இறங்கிப் பையைத் திறந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி வியர்க்கும். இறங்கியதும் அரைமணி நேரம் பையைத் திறக்காமல் வையுங்கள். பிறகு எடுத்துத் துடைத்து, மூடியைக் கழற்றி வைத்துக் காற்றாடவிடுங்கள். ஈரத்தோடு ஃபோம் பெட்டியில் பூட்டிவைப்பதுதான் பூஞ்சைக்கு வழி. ஐப்பசி கார்த்திகையில் மாமா வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதானால், ரைஃபிளைத் தனியாக எண்ணெய் துடைத்து வைத்துவிட்டு, ஸ்கோப்பை மவுண்ட்டோடு கழற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஸ்டாப் பின் குழியில் திரும்ப உட்காரும் என்பதால் ஜீரோ பெரிதாக மாறாது, ஆனாலும் சுட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பு ஆனால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். பழைய இரும்புச்சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம், அந்த நீல நிறத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் உப்பு நல்லதில்லை. ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடுவதும் வேண்டாம், மாவுத்தூள் கண்ணாடியில் ஒட்டும்.

துடைப்பதில் ஒரே விதி, முதலில் ஊதி எடுங்கள், பிறகு தொடுங்கள். தோப்பின் மண்தூளில் குறுமணல் இருக்கும், சட்டை நுனியால் ஒரு தேய் தேய்த்தால் லென்ஸின் பூச்சில் கீறல் நிரந்தரம். ரப்பர் பல்பால் ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, அப்புறம் லென்ஸ் திரவத்தைத் துணியில் தொட்டு நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் எதுவும் கிட்டே வரக் கூடாது. டரட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள், மூடியைப் போட்டே வைத்திருங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஸ்கோப்பைப் பிடித்து ரைஃபிளைத் தூக்கவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் சர்வதேச விதிப்படி ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றது டயாப்டர் என்ற துளை சைட் வழியாகத்தான். அந்த ஆசை இருந்தால் இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்துவிடுங்கள்.

இரண்டாவது சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பில்லின் நகலும் அடையாள அட்டையும் எப்போதும் கூடவே இருக்கட்டும், ரைஃபிள் லோடு இல்லாமல் பெட்டிக்குள் இருக்கட்டும். மலைப்பாதையில் காட்டுப் பகுதியில் நிறுத்தி வெளியே எடுக்கவே கூடாது. தோட்டத்தில் குரங்கு காப்பிப் பழத்தையும் ஆரஞ்சையும் பாழாக்குவது எனக்கும் தெரியும். ஆனாலும் குரங்கோ பறவையோ காட்டுமாடோ, எதன் மேலும் பெல்லட் போகக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், .177 பெல்லட் எந்த விலங்கையும் விரட்டாது, சீழ்பிடித்துப் பல நாள் சாகவைக்கும். அட்டைக்குப் பின்னால் மண்மேடோ பழந்துணி அடைத்த மரப்பெட்டியோ இருக்கட்டும். பாறை வேண்டாம், தெறித்துத் திரும்பும். பள்ளத்தாக்கை நோக்கிச் சுடாமல் மேட்டுச்சரிவை நோக்கிச் சுடுங்கள், பெல்லட் சில நூறு மீட்டர் போகும், கீழே ஆட்கள் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். ஸ்கோப்பைப் பைனாகுலராக வைத்து யாரையும் பார்க்க வேண்டாம், கண் போகும் இடத்துக்குக் குழலும் போகிறது.

கடைசியாக மாமாவின் பழைய ஸ்கோப். இருட்டில் முன்கண்ணாடி வழியாக டார்ச் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. வெளிக்கண்ணாடியில் மட்டும் என்றால் துடைத்தால் போகும், ஆனால் பூச்சை அரித்திருக்கலாம். உள்ளே என்றால் பிரித்துத் துடைத்து மறுபடி நைட்ரஜன் அடைக்க வேண்டும், அந்தச் செலவுக்குப் புதிதே வாங்கலாம். குழாயின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். இப்போது பொதுவாகக் கிடைக்கும் வளையங்கள் 25.4 மி.மீ., 30 மி.மீ. குழாய்க்குத்தான், பழையவற்றில் வேறு அளவுகளும் உண்டு. கண்ணாடி சுத்தமாக இருந்தாலும் உங்கள் ஸ்பிரிங் ரைஃபிளில் அதை ஏற்ற வேண்டாம், அந்த இருவழி உதையில் சீக்கிரமே கோடு அறுந்துவிடும். மாமாவிடம் லைசென்ஸ் உள்ள .22 இருந்தால் அதற்குப் பொருத்திப் பார்க்கலாம், அதன் உதை மிகக் குறைவு.

நெயில் பாலிஷ் கோட்டையும் டரட் நிலையையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். தகடு எத்தனை வைப்பது என்று அப்போது கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.